கரை சேர்ந்த படகுகள்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கோரினால் எப்படியாவது தீர்த்துவிடலாம். ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் உரிமை கோரினால் என்ன செய்வீர்கள்? "என்னுடையதுதான்" என்று மூவரும் விட்டுக்கொடுக்காமல் நின்ற கதை இது. முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். ஊர்க்காரர்களே நடத்தும் சிறிய வானொலி ஒன்று அங்கே உண்டு. தினமும் மாலையில் செய்தி. ரேஷன் கடைக்குச் சீனி வந்ததா, நெத்திலி என்ன விலைக்குப் போனது, திருவிழாவுக்கு எந்த நாடகம், டெல்லியில் என்ன கூத்து, எல்லாம் அதில் வரும். கடைசியாக, அன்று கரை சேர்ந்த படகுகளின் பெயர்களை வாசிப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் பெண்கள் உலை வைப்பார்கள். டெல்லியைப் பேச்சோடு பேச்சாகக் கேட்பவர்கள், படகுகளின் முறை வந்ததும் அழுகிற பிள்ளையின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கமும் இருந்தது. கடலில் ஒருவர் இறந்தால் அந்தச் சேதியை மாதா கோயில் பங்குச்சாமியார்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. வானொலியும் அதற்குக் கட்டுப்பட்டதே.

ஒருநாள் 'சகாய மாதா' என்ற படகு நடுக்கடலில் கவிழ்ந்தது. வேற்றூர்ப் படகு ஒன்று அதைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்த் தூரத்துத் துறைமுகத்தில் சேர்த்தது. அதிலிருந்த நால்வரில் மூவர் ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தார்கள். நான்காமவரான கஸ்பார் இறந்துவிட்டார். கைப்பேசிகள் கடலோடு போய்விட்டதால் ஊரில் யாருக்கும் தகவல் இல்லை.

வானொலியின் செய்தியாளர் இன்னாசி அப்போது அந்தத் துறைமுகத்தில் இருந்தார். சாமியாரைப் போனில் பல தடவை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் விவரத்தைச் சொல்லி, சாமியார் காதில் போடச் சொன்னார். பிறகு நிலையத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். "சாமிக்குச் சொல்லியாச்சு" என்றும் சொன்னார். சொல்லச் சொன்னதும் சொல்லிவிட்டதும் அந்தப் பதற்றத்தில் அவருக்கு ஒன்றாகவே பட்டது. சாமியாரோ பக்கத்து ஊரில் ஒரு கல்யாணப் பூசையில் இருந்தார்.

செய்தி ஆசிரியர் மெல்கியோர் எச்சரிக்கையான மனிதர். சாமியார் கஸ்பார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாமல் மரணச் செய்தி வேண்டாம் என்று அதை எடுத்துவிட்டார். படகுகளின் பெயர்களுக்கு வந்ததும் தயங்கினார். 'சகாய மாதா'வை விட்டுவிட்டால் நான்கு வீட்டுப் பெண்களும் தலையில் அடித்துக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள். படகு கரை சேர்ந்தது பொய்யும் இல்லையே. பெயர் இருக்கட்டும் என்று பட்டியலிலேயே வைத்துவிட்டார்.

வாசித்தவள் பெர்னதெத். நடந்தது அவளுக்கும் தெரியும். கஸ்பாரின் மனைவி ரொசாரி இருப்பது அவளுக்கு அடுத்த தெரு. ஆனாலும் அந்தப் பெயரையும் தினமும் வாசிக்கிற குரலிலேயே வாசித்து முடித்தாள்.

அவள் வீட்டுக்கு ரொசாரியின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே மீன் பொரியும் வாசனை. கஸ்பார் குளிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி பெர்னா, அவிய படகு வந்துட்டுன்னு உன் வாயாலதான் கேட்டேன். உள்ள வா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று ரொசாரி சிரித்த முகத்தோடு கூப்பிட்டாள்.

"வேலை கிடக்குக்கா" என்று சொல்லிவிட்டு பெர்னதெத் நிற்காமல் நடந்தாள்.

இருட்டும் நேரத்தில் சாமியார் வந்தார். அந்த ஊரில் அழைக்காமல் அவர் வாசலில் வந்து நின்றால் அர்த்தம் ஒன்றுதான். ரொசாரி பதறவில்லை. "ரேடியோல சொல்லிட்டாவ சாமி. நீங்க வீடு மாறி வந்துட்டிய" என்றாள். அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் அதையே சொன்னாள். அவளை நம்பவைப்பதற்குள் சாமியாரே அழுதுவிட்டார்.

அடக்கம் முடிந்தது. வானொலிக்காரர்கள் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. சேர்ந்து வந்து மன்னிப்புக் கேட்கலாமா என்று சொல்லியனுப்பினார்கள். ரொசாரியிடமிருந்து பதில் வந்தது.

"மூணு பேரும் வரவேண்டாம். கூட்டமா வந்தா ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டுட்டுப் போயிருவிய. குத்தம் யாருதோ அவிய மட்டும் வரட்டும்."

அரைகுறையாகச் சொல்லிவிட்டு 'சொல்லியாச்சு' என்றது நான், நான்தான் போவேன் என்றார் இன்னாசி. தெரிந்தே பெயரைப் பட்டியலில் வைத்தவன் நான், நீங்கள் இருவரும் என் சொல்படி நடந்தவர்கள் என்றார் மெல்கியோர். அவள் காதில் விழுந்தது என் குரல்தானே என்றாள் பெர்னதெத். ஒருவரை ஒருவர் தேற்றக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஒருவர்தான் போகலாம். ரொசாரியின் வாசலுக்குப் போக வேண்டியவர் இவர்களில் யார்?

விடை: பெர்னதெத். வாசித்ததற்காக அல்ல. இன்னாசி பதற்றத்தில் தவறினார். மெல்கியோர் நான்கு வீட்டை நினைத்துத் தவறினார். இருவருக்கும் முன்னால் ரொசாரியின் முகம் இல்லை, பெர்னதெத்துக்கு இருந்தது. சாவைச் சொல்ல வழக்கம் இடம் தரவில்லையே என்று அவளுக்காக நீங்கள் வாதாடலாம். சொல்லத்தான் கூடாது, உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க யாரும் தடை போடவில்லை. இது பெர்னதெத்துக்கும் தெரிந்திருந்தது. அவள்தான் போனாள். ரொசாரி வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாமி வந்தப்ப நான் ஒத்தையில நின்னேம்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.