மூன்று முறை சொன்னால் மஞ்சள் துண்டு

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டை வாகைமாறன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். எதிரிகளை வென்றானோ இல்லையோ, முழங்கால் வலியிடம் தினமும் தோற்றான்.

அந்த வலிக்குக் கேட்ட ஒரே தைலம் உடையநாச்சி காய்ச்சியது. அவளோ மூன்று ஆண்டுகளாக அடுப்பு மூட்டவில்லை. நாட்டுச் சட்டம் அப்படி. கடனைத் திருப்பிக் கேட்கும்போது சபையில் மூன்று முறை "கையில் இல்லை" என்று சொல்லிவிட்டால் அவர் நொடித்தவர். உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு ஆண்டு இடுப்பில் மஞ்சள் துண்டு கட்ட வேண்டும். தொழில் செய்யக் கூடாது. குறிஞ்சிகூட அதற்குள் ஒருமுறை பூத்துவிடும்.

"ஓராண்டாகக் குறையுங்கள், மன்னா" என்றார் அமைச்சர் செங்கணார்.

அமைச்சர் வாய் திறந்தாலே கருவூலத் தலைவர் திருக்கூத்தருக்கு வயிறு எரியும். "பயம் விட்டுப்போகும், மன்னா! பன்னிரண்டே குறைவு. இவருக்கு நொடித்தவர்கள்மேல் இரக்கம். எனக்கு நாட்டின்மேல்."

"என் முழங்கால்மேல் யாருக்கும் இல்லையா?" என்று முனகினான் மன்னன். "அமைச்சரே, நாளைக்குள் கூத்தரே ஒப்புக்கொண்டால் குறைக்கிறேன். இல்லையேல் பேச்சை விடும்."

கூத்தராவது, ஒப்புக்கொள்வதாவது! செங்கணார் நேரே உடையநாச்சி வீட்டுக்குப் போனார்.

"எப்படியம்மா நொடித்தாய்?"

"கூத்தர் ஐயாவின் யானைக்கு நாற்பது குடம் தைலம் கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அமைச்சர் மூன்று ஆண்டுகளில் முதன்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் சபையில் உடையநாச்சி கைகூப்பினாள். "ஐயா, யானைத் தைலத்துக்கு நூறு பொன்..."

"கையில் இல்லையம்மா." நாக்குக்குப் பழகிய பதில்.

"பாதியாவது?"

"கையில் இல்லை என்கிறேனே!"

"பத்துப் பொன்கூடவா இல்லை, கூத்தரே?" என்று ஆறுதலாகக் கேட்டார் செங்கணார்.

"அட, கையில் இல்லை ஐயா!"

சபை எழுத்தர் ஓலையில் மூன்றாவது கோட்டை இழுத்தார். கூத்தரின் முகம் வெளிறியது.

"மன்னா! வீட்டில் பெட்டி பெட்டியாக இருக்கிறது!"

"நல்லது" என்றான் மன்னன். "நாச்சிக்குக் கொடுக்க வசதி. பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்ப்போம்."

"பன்னிரண்டா? என்ன அக்கிரமம்! விழுந்தவன் எழ வேண்டாமா? தொழில் நடந்தால்தானே நாடு வளரும்? ஓராண்டே அதிகம், மன்னா!"

"நாட்டின்மேல் எவ்வளவு இரக்கம்!" என்றார் செங்கணார்.

மன்னன் முழங்காலைத் தடவிக்கொண்டே ஓராண்டு என்று ஆணையிட்டான். கல்வெட்டில் 'திருக்கூத்தர் வேண்டுகோளின்படி' என்றே பொறித்தார்கள்.

உடையநாச்சி தன் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கூத்தரிடம் நீட்டினாள்.

"துவைத்ததுதான், ஐயா. ஓராண்டு தாங்கும்."