அரசியாரின் மூக்கைக் காத்த பள்ளம்

வேங்கைமலை நாட்டை ஆண்ட கோடையிடி வர்மருக்குப் போர் பிடிக்காது. வேட்டையும் பிடிக்காது. மரம் செதுக்கத்தான் பிடிக்கும். அதுவும் கை வலிக்கக் கூடாது. அதனால் கப்பலில் ஒரு சி.என்.சி. இயந்திரத்தை வரவழைத்துச் சபைக்குப் பக்கத்து மண்டபத்தில் வைத்துக்கொண்டார். ராஜா காலத்தில் ஏது சி.என்.சி. என்று கேட்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். கதையில் கிளி பேசினால் மட்டும் வாயைப் பிளந்து கேட்பீர்கள்!

படத்தைக் கொடுத்தால் போதும், இயந்திரம் தானே உளியைச் சுழற்றிச் செதுக்கும். முதல் ஓட்டத்தில் மேலோட்டமாக, இரண்டாவது ஓட்டத்தில் நுணுக்கமாக. இரண்டும் முடியும்வரை பலகை அசையக் கூடாது.

மன்னருக்கோ பாராட்டு வியாதி. முதல் ஓட்டம் முடிந்ததுமே பலகையைக் கழற்றிச் சபைக்குத் தூக்கி வந்துவிடுவார். சபை கைதட்டும். மனம் குளிர்ந்துபோய்த் திரும்புவார், பலகையை ஏறக்குறைய பழைய இடத்தில் வைப்பார், இயந்திரத்தை முடுக்குவார். இயந்திரத்துக்குக் கண்ணா இருக்கிறது? மரம் முன்பு இருந்த இடத்திலேயே இருப்பதாக நம்பி வெட்டும். இப்படியே மூன்று சந்தனப் பலகைகளில் செதுக்கிய அரசி செண்பகவல்லியின் முகத்தில் மூக்கு போயிற்று.

பலகையை யாராவது நேராக்கியிருக்கலாமே என்பீர்கள். மன்னர் கையால் வைத்த பொருளை இன்னொரு கை நகர்த்தக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அது கோணலாக இருக்கிறது என்று வாயால் சொல்வதும் குற்றம்.

அரண்மனையில் பாராட்டு மந்திரி என்று ஒரு பதவி உண்டு. அதில் இருந்த மங்களேசருக்கு, இயந்திரத்தைப் பராமரித்து வந்த விகடகவி கொண்டல்ராயனைக் கண்டாலே ஆகாது. அவர் மெதுவாகப் பற்ற வைத்தார்.

"மகாராஜா, தங்கள் கையில் குறையே கிடையாது. கொண்டல்தான் இயந்திரத்தைக் கெடுத்து வைத்திருக்கிறான்."

மன்னருக்கு அது தேனாக இனித்தது. "கொண்டல்! நாளை மறுநாள் அரசியின் பிறந்தநாள். ஒரே ஒரு சந்தனப் பலகைதான் மிச்சம். நாளை நானே அதைச் செதுக்கப் போகிறேன். மூக்கு போனால் உனக்கு மொட்டை. கழுதை மேல் ஊர்வலம்!"

"உத்தரவு மகாராஜா. இயந்திர மேசைமேல் இருக்கும் அடிப்பலகையை மட்டும் நான் தொடலாமா? அதைத் தாங்கள் வைக்கவில்லையே?"

"தொட்டுக்கொள். பலகையை நான் வைத்துவிட்டால் உன் விரல்கூடப் படக் கூடாது."

கொண்டல்ராயனுக்கு உள்ளூரப் பயம்தான். மொட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வான். கழுதை ஊர்வலத்தை அவன் மாமியார் பார்த்துவிட்டால் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும்.

நேரே மண்டபத்துக்குப் போனான். சந்தனப் பலகையை ஒரு மூலையில் மட்டும் சாய்வாக அறுத்தான். மற்ற மூன்று மூலைகளையும் லேசாக வளைவாக மழுக்கினான், ஏனென்றால் சுழலும் உளி வெட்டும் பள்ளத்தில் உள்மூலை கூராக வராது. பிறகு அந்த வடிவத்தையே இயந்திரத்துக்குக் கொடுத்து, மேசையோடு திருகாணியால் இறுக்கியிருந்த அடிப்பலகையில் அரை விரல் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டச் செய்தான். பலகை அதில் இறுக்கமாக உட்கார்ந்தது. இயந்திரம் வெட்டிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாமலா போகும்?

மறுநாள் முதல் ஓட்டம் முடிந்தது. மன்னர் வழக்கம்போலப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சபை கைதட்டியது. சபையும் பின்னாலேயே வர, மண்டபத்துக்குத் திரும்பிப் பலகையை வைத்தார். டக்கென்று பள்ளத்துக்குள் இறங்கியது.

மங்களேசருக்கு முகம் இருண்டது. "மகாராஜா, அரசியாரின் முகம் வடக்கு பார்த்தால்தான் லட்சணம். திருப்பி வையுங்களேன்."

மன்னர் திருப்பி வைத்தார். இறங்கவில்லை. அழுத்தினார். ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். சாய்வாக அறுத்த மூலை இடம் கொடுக்கவில்லை. சலித்துப்போய்ப் பழையபடியே வைத்து முடுக்கினார்.

இரண்டாவது ஓட்டம் முடிந்தது. செதுக்கல் தூளை ஊதியதும் அரசியார் மூக்கும் முழியுமாகச் சிரித்தார். மூக்குத்தியின் கல்கூட எண்ணும்படி இருந்தது.

மங்களேசர் விடவில்லை. "மகாராஜா, இது ராஜத்துரோகம்! தங்கள் கை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு பள்ளம் கட்டளையிடுவதா?"

மன்னர் புருவம் ஏறியது. "ஆமாம், கொண்டல்! இத்தனை நாள் என் கை கோணல் என்கிறாயா?"

"சிவ சிவா! தாங்கள் ஒவ்வொரு முறையும் நேராகத்தான் வைத்தீர்கள். தாங்கள் கையை எடுத்ததும் அந்தத் திமிர் பிடித்த மரம்தான் நகர்ந்துகொண்டது. ராஜ ஆணையை மீறிய மரத்தைச் சும்மா விடலாமா? பிடித்துச் சிறையில் போட்டேன்."

"மூலையை ஏன் அறுத்தாய்?"

"சிறைக்குள் புரண்டு படுக்காமல் இருக்கத்தான்."

சபை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது. மன்னர் சிரிக்கவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கொண்டல்ராயனை அருகில் இழுத்துக் காதோடு கேட்டார்:

"அடேய், உண்மையைச் சொல். தலைக்கு ஆபத்தில்லை. கோணலாக வைத்தது யார்?"

கொண்டல்ராயன் கைகட்டி, வாய் பொத்தி, பணிவே உருவாக நின்று சொன்னான்:

"மகாராஜா, மூன்று மூக்கு போன பிறகாவது இதைக் கேட்க இந்த நாட்டில் ஒருவருக்குத் தைரியம் வந்ததே! அதுவும் தாங்களாகப் போய்விட்டீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் இந்நேரம் கழுதை மேல் இருப்பார்."

மன்னருக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"நான் வைத்ததை யாரும் நகர்த்தக் கூடாது என்ற சட்டம் இன்றோடு ரத்து. இனிமேல் பலகையை நீயே வை. நான் கைதட்டிக்கொள்கிறேன்!"