நாக்கில் ஒட்டிய மனிதன்

"மேடம், நியாண்டர்தால் மனுஷனை நான் எப்பதான் பாப்பேன்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

குழிக்குள் இருந்த பேராசிரியர் தையல்நாயகி நிமிரவில்லை. பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. பூகோள வாத்தியார் வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான தையல்நாயகியிடம் மாணவராகச் சேர்ந்தவர். நமக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன இன்னொரு மனித இனத்தைத் தேடி, ஐரோப்பாவில் ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் நான்கு கோடைகளாகக் குந்தியிருக்கிறார். இதுவரை அவருக்குக் கிடைத்தது நத்தை ஓடு.

தோண்டும் அனுமதி அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அடுத்த வருஷம் கிடையாது.

"ஊர்ல எல்லாரும் கேக்கிறாங்க மேடம், என்னத்தக் கண்டுபிடிச்சீங்கன்னு."

"தோண்டுங்க சார்."

இதைச் சொல்ல ஒரு குருவா என்று எரிச்சலாக வந்தது. தோண்டினார்.

மூன்று மணிக்கு எழுந்து ஓடி வந்தார். "விரல் எலும்பு மேடம்."

உள்ளங்கையில் சுண்டுவிரல் தடிமனில் வெளுத்த ஒரு துண்டு.

"நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

அந்தத் தொழிலில் அது வழக்கம்தான். கல் நாக்கில் ஒட்டாது. பழைய எலும்பில் பொடித் துளைகள் உண்டு, அது ஒட்டிக்கொள்ளும்.

"ஒட்டுச்சு. உறுதிப்படுத்த மூணு தடவை வச்சுப் பாத்தேன்."

தையல்நாயகி லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், இது எலும்பு இல்ல. கழுதைப்புலி."

"கழுதைப்புலி எலும்பா?"

"அது போட்ட விட்டை. எலும்பையே தின்னு போட்டதால இதுவும் ஒட்டும். கல்லாகி ஐம்பதாயிரம் வருஷம்..."

வருஷக் கணக்கெல்லாம் கோமதிநாயகத்தின் காதில் ஏறவில்லை. துண்டைப் பிடுங்கிக் குகைக்கு வெளியே வீசினார். அது மண்ணும் கல்லும் கொட்டிவைத்த குவியலில் விழுந்து உருண்டது. பிறகு தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை கொப்பளித்தார். பாவம், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவர் வாயைத் துடைத்து முடிக்கும் வரை தையல்நாயகி காத்திருந்தார்.

"நான் இன்னும் முடிக்கல சார். அதுக்குள்ள ஒரு பல் மாட்டியிருக்கு."

"கழுதைப்புலிப் பல்லா?"

"மனுஷப் பல். அது தின்ன மனுஷனோடது."

"நம்மள மாதிரி மனுஷனா?"

"இந்த மண் அடுக்கோட காலத்துல நம்ம ஆளுங்க இந்தப் பக்கமே வரல."

கோமதிநாயகம் குவியலிடம் ஓடினார். நூற்றுக்கணக்கான துண்டுக் கற்கள், எல்லாம் சுண்ணாம்புத் தூள் பூசிக்கொண்டு ஒரே வெள்ளையாகக் கிடந்தன.

"கழுவிப் பாத்தா தெரிஞ்சிடும் மேடம்."

"கழுவலாம். தண்ணி?"

கோமதிநாயகம் கேனைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர்களைக் கூட்டிப்போகும் ஜீப் ஐந்து மணிக்குத்தான் வரும்.

தையல்நாயகி வெளியே வந்து குவியலின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கல்லை எடுத்தார். நாக்கில் வைத்தார். தூரப் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

கோமதிநாயகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அருவருப்பைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அவரும் உட்கார்ந்தார்.

அவருக்கு நாற்பத்தேழாவது ஒட்டியது.

உறுதிப்படுத்த இன்னும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.