குரல் நின்ற இடம்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பல வருடங்கள் நம்பவில்லை.

சொன்னவர் மாரப்பன். வாரச் சந்தையில் கயிறு விற்கிறவர். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் அவர் கதையில் ஒரு கோளாறு இருந்தது. பனி மூடிய ஆறு. இக்கரையில் ஒருவர், அக்கரையில் ஒருவர். இரண்டு பேரும் கத்தியது அவருக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. ஒரே ஆள் இரண்டு கரையிலும் எப்படி நின்றிருக்க முடியும்? அங்கங்கே கேட்டதை ஒட்டுப்போட்டுச் சொல்கிறார் என்றுதான் எழுதுகிறவன் நினைத்தான். ஆனால் வேலையில் தனக்குக் கீழே ஆட்கள் வந்த பிறகு, அவர்கள் தன் முகத்தைப் பார்க்கிறார்களா, தன் கையில் இருக்கும் உத்தரவைப் பார்க்கிறார்களா என்ற சந்தேகம் வந்த பிறகு, அந்தக் கதை அவனை விடவில்லை.

சொல்லும்போது மாரப்பன் கண்ணை மூடிக்கொள்வார். தலையை ஒருமுறை இடப்பக்கம் சாய்ப்பார், ஒருமுறை வலப்பக்கம்.

கதை இதுதான்.

ஆற்றோரம் ஒரு சின்ன மடம். பக்கத்திலேயே பரிசல் துறை. துறை மடத்தின் பொறுப்பில் இருந்தது. மடத்தை நடத்தியவர் தவமணியம்மா. நாற்பது வயது இருக்கும். அவருக்குச் சீடர் என்று சொல்ல ஒருவர்தான் உண்டு. அந்த நஞ்சப்பன் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து, மில்லை மூடிய பிறகு மனம் சரியில்லை என்று வந்தவர்.

தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கிப்போவார்.

"சரிங்கண்ணா, நீங்க துறையைப் பாத்துக்குங்க" என்றார் அம்மா.

அது அவருக்கு வந்தது. முன்பெல்லாம் பரிசல்காரர்கள் ஆள் பிடிக்க அடித்துக்கொள்வார்கள். நஞ்சப்பன் முறை வைத்தார். ஒரு பரிசலில் எத்தனை பேர், மூட்டையை எங்கே வைப்பது, ஆட்டை யாருடன் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. அதன் பிறகு ஒரு பரிசலில்கூடத் தண்ணீர் ஏறவில்லை.

ஒருநாள் அம்மா சொன்னார்: "தை பொறந்ததும் நான் மலைக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

துறை யாருக்கு என்று சொல்லவில்லை. நஞ்சப்பனும் கேட்கவில்லை. தனக்குத்தான் என்று இருந்தார்.

பிறகு ஒரு மத்தியானம், கவிழ்த்து வைத்த பரிசலுக்குப் பின்னால் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் பரிசல்காரர்களின் பேச்சுக் கேட்டது.

"நஞ்சப்பண்ணன்தான் வருவாரு. வேற யாரு?"

"வரட்டுமே. துறை சுத்தமா நடக்கும்."

"நடக்கும். பனியில அவரு கொரலை நம்பி ஆத்துல எறங்குவியா?"

"எனக்கு நீச்சல் தெரியும்ப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதனாலேயே அது நஞ்சப்பனை அதிகம் சுட்டது.

அந்த ஆற்றில் மார்கழி முழுக்கப் பனி. விலகட்டும் என்று காத்திருந்தால் சந்தை முடிந்துவிடும். அதனால் பனி நாளில் ஒரு வழக்கம். அக்கரையில் தட்டையாக ஒரு பாறை. அதன்மேல் ஒருவர் நின்று "ஓ..." என்று இழுத்துக் குரல் கொடுக்க வேண்டும். கண் தெரியாத பரிசல்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை சேரும். பாறைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் ஆறு ஒரு இடுக்கில் நுழைந்து விழுகிறது. அங்கே போன பரிசல் திரும்பாது. வருடக்கணக்காக அந்தப் பாறைமேல் நின்ற குரல் தவமணியம்மாவுடையது.

நஞ்சப்பன் அம்மாவிடம் போனார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, துறையில எல்லாம் நான்தான் பாக்கறேன்."

"ஆமாங்கண்ணா."

"ஆனா அவங்க உங்க மொகத்தைப் பாக்கறாங்க. என்கிட்ட என்ன இல்லை?"

அம்மா ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். "நாளைக்குச் சந்தை. பனி எறங்கும். நீங்க அந்தக் கரைக்குப் போங்க. நான் இங்க ஆள் ஏத்தறேன்."

"உங்களுக்கு ஆள் ஏத்தத் தெரியாதேம்மா!"

"தெரியாதுதான்" என்றார் அம்மா.

மறுநாள் விடிந்தபோது ஆற்றைக் காணவில்லை. கரை இருந்தது; கரைக்குப் பிறகு வெள்ளை. முதல் பரிசலில் நஞ்சப்பன் ஏறினார். நடு ஆற்றில், தான் நகர்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. துடுப்பு நீரைத் தொடும் சத்தம் எங்கோ வேறொருவர் கனவில் கேட்பதுபோல் இருந்தது. தன் கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனிகள் பனிக்குள் போய்விட்டிருந்தன.

பாறைமேல் ஏறி நின்று குரல் கொடுத்தார். "ஓ..."

வெள்ளைக்குள் எங்கேயோ பரிசல்கள் இறங்கின. நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இக்கரைச் சத்தம் நீர்மேல் வழுக்கிக்கொண்டு அவர் காதுக்கு வந்தது.

"எனக்கு முந்தி அவ எப்படி ஏறுனா?"

"சரி, நீயும் ஏறிக்க சாமி." அம்மாவின் குரல்.

"ஆடு?"

"ஆட்டையும் ஏத்திக்க. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

நஞ்சப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அம்மா! அந்தப் பரிசல்ல ஆடு வேண்டாம்!" என்று கத்தினார்.

பதில் இல்லை. ஆடு கத்தும் சத்தம் நடு ஆற்றுக்கு நகர்ந்தது. வட்டமாகச் சுற்றுவதுபோல் கேட்டது.

ஆடு ரங்கன் பரிசலில்தான் இருக்கும் என்று நினைத்து நஞ்சப்பன் கத்தினார்: "ரங்கா! இடப்பக்கம் தள்ளு!"

பனிக்குள் இருந்த பரிசல்கள் அத்தனையும் இடப்பக்கம் தள்ளின.

"எனக்குங்களாண்ணா?" என்றது ஒரு குரல்.

"உனக்கில்லப்பா, ரங்கனுக்கு!"

"நான் யாருன்னு தெரியுதுங்களாண்ணா?"

"நான்தான் ரங்கன்" என்றது வேறு பக்கத்திலிருந்து இன்னொரு குரல். "என் பரிசல்ல ஆடே இல்லீங்க!"

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆட்டின் குரல் கீழ்நோக்கி நழுவுவது நஞ்சப்பனுக்குக் கேட்டது. பாறையிலிருந்து குதித்தார். கிட்டே போய் நின்று சொன்னால்தான் சரிப்படும் என்று தோன்றியது. மில்லில் எந்த மெஷின் நின்றாலும் அவர் ஓடித்தான் பழக்கம். கரையோரமாக ஓடினார். "தள்ளு! இன்னும் தள்ளு! மூட்டையைப் பின்னாடி நகத்து!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். துடுப்புச் சத்தங்கள் கூடவே வந்தன. நான் சொல்வதையும் கேட்கிறார்களே என்று ஒரு கணம் மனம் நிறைந்தது.

அப்போது உள்ளங்காலில் ஓர் அதிர்வு. ஆறு விழும் இடம் பக்கத்தில் இருந்தது.

அவர் எங்கே ஓடினாரோ அங்கேயே பரிசல்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஆடு ஏறிய பரிசல் மட்டுமல்ல, எல்லாமே.

நஞ்சப்பன் வாயை மூடினார்.

அதற்குப் பிறகு வந்த அமைதியை மாரப்பன் எப்போதும் நிறுத்தித்தான் சொல்வார். துடுப்புகள் நின்றன. ஆடும் நின்றது. வெள்ளைக்குள் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதந்துகொண்டிருந்தார்கள், தூக்கத்தில் மிதப்பதைப்போல. தண்ணீர் மட்டும் அவர்களைத் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

நடு ஆற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. கதவுக்கு வெளியே நின்று விசாரிப்பதுபோல் இருந்தது.

"அண்ணா, எங்கீங்க இருக்கீங்க?"

இங்கேதான் என்று சொல்ல நஞ்சப்பன் வாயைத் திறந்தார். சொன்னால் இங்கே வருவார்கள். வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே ஓடினார். வழுக்கி விழுந்தார். முழங்கால் கிழிந்தது. தட்டுத்தடுமாறிப் பாறையைப் பிடித்து ஏறினார்.

"ஓ..."

இக்கரையில் இன்னும் சண்டை கேட்டது. ஒரு குழந்தை அழுதது. "தண்ணி ஏறுதுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கால்கள் துள்ளின. மூட்டையைப் பின்னால் நகர்த்தச் சொல்ல நாக்கு துடித்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "ஓ..." என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். குரல் உடைந்தது. பிறகு அது தன் குரல் மாதிரியே இல்லை. பனியே கூப்பிடுகிறது, தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது.

வெள்ளை ஒரு இடத்தில் கறுத்தது. பரிசல் ஒன்று வந்து கல்லில் முட்டியது. பின்னாலேயே இன்னொன்று. ஆடு ஏறிய பரிசல் கடைசியில் வந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, சாப்பாட்டுத் தூக்குகளால் ஆளாளுக்கு மொண்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடு ஒரு கிழவரின் மடியில் இருந்தது.

"நடுவுல என்னைக் கூப்பிட்டது யாரு?" என்று நஞ்சப்பன் கேட்டார்.

பரிசல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை.

பனி விலகியதும் அதே பரிசல்களோடு இக்கரைக்குத் திரும்பினார். அம்மா இடுப்புவரை நனைந்து, சேறும் சகதியுமாக நின்றுகொண்டிருந்தார். நஞ்சப்பனுக்குக் கோபம் தாங்கவில்லை. பரிசல்காரர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள்.

"அத்தனை பேரையும் ஒரே பரிசல்ல ஏத்துனது யாரும்மா?"

"நான்தான்."

"முழுகியிருந்தா?"

"முழுகியிருக்கும். ஏறணும்னு கேக்கறவங்ககிட்ட எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்கண்ணா. உங்களுக்கு எப்படி வருது?"

நஞ்சப்பன் கரையில் உட்கார்ந்தார். கோபம் எங்கோ வடிந்துவிட்டது. முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பாறைமேல நிக்கறப்ப கால் நடுங்குச்சும்மா" என்றார்.

"எனக்கும் நடுங்கும். வருஷா வருஷம்."

"உங்களுக்கா?"

அம்மா சேலை முந்தானையைப் பிழிந்தார்.

"நீங்க மலைக்குப் போயிட்டா, நான் எந்தக் கரையில நிக்கறது? இங்க நின்னா அங்க ஆள் இல்லை. அங்க நின்னா இங்க முழுகுது."

அம்மா ஆற்றைப் பார்த்தார். வெயில் பட்டு, எதுவுமே நடக்காததுபோல் அது போய்க்கொண்டிருந்தது.

"அதைத்தானே அண்ணா நடு ஆத்துல ஒருத்தன் உங்களைக் கேட்டான்" என்றார்.



கதை இவ்வளவுதான். தை பிறந்ததும் அம்மா மலைக்குப் போனாரா, துறை யாருக்கு வந்தது என்றெல்லாம் கேட்டால் மாரப்பன் கயிற்றை அளக்க ஆரம்பித்துவிடுவார்.

போன மார்கழியில் எழுதுகிறவன் சந்தைக்குப் போயிருந்தான். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த மாரப்பனைச் சுற்றிலும் பனி. வாங்க வருகிறவர்கள் முகம் தெரியவில்லை. குரல்தான் முதலில் வந்தது. எழுதுகிறவன் மறுபடியும் அந்தக் கதையைக் கேட்டான். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அம்மா பேசும்போது தலை இடப்பக்கம் சாய்ந்தது. நஞ்சப்பன் கத்தும்போது வலப்பக்கம். இரண்டு காதுக்கும் நடுவில் அந்த முகம் அசையாமல் இருந்தது.

இத்தனை வருடம் தான் கரைகளையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எழுதுகிறவனுக்கு உறைத்தது.

அவர் முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு, பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்காதபடி கேட்டான்:

"நீங்க எந்தப் பரிசல்லீங்க இருந்தீங்க?"