ஒரே பாலாடை

டாக்டர் பூங்கோதைக்கு இரட்டைக் குழந்தைகள் என்றால் உயிர். கொஞ்சுவதற்காக அல்ல, ஆராய்ச்சிக்காக. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனாலும் உண்மை அதுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை. பால்குடிப் பிள்ளைகள் வயிறு உப்பி, காலை மடக்கி, அந்தி சாய்ந்தால் தெருவையே கூட்டுகிற மாதிரி அழுவதைப் பார்த்திருப்பீர்கள். குடலில் நல்ல கிருமிகள் குறைவதால் வருகிற பொருமல் இது என்பது பூங்கோதையின் எண்ணம். அந்தக் கிருமிகளையே சொட்டு மருந்தாகக் கொடுத்தால் அழுகை நிற்குமா? பல வருடமாக இந்த ஒரு கேள்வியோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள்.

"எங்க அக்கா பிள்ளையும் இப்படித்தான் அழுதான். நாலாம் மாசம் தானா நிறுத்திட்டான். ஒரு மருந்தும் குடுக்கல" என்றாள் நர்ஸ் ஜெனிட்டா.

அழுகை தானாக நின்றதா, மருந்தால் நின்றதா என்று பிரித்துப் பார்க்கத்தான் பூங்கோதை இரட்டையர்களைத் தேடிப் பிடித்தாள். ஒரே வயது, ஒரே தாய்ப்பால், ஒரே வீடு. ஒரு பிள்ளைக்குச் சிவப்பு மூடி பாட்டில், மற்றதற்கு நீல மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் அதைப் போலவே இருக்கும் தீங்கில்லாத வெறும் சொட்டு. எதில் எது என்பது, ஆராய்ச்சிக்குப் பணம் தரும் சென்னை அலுவலகத்தில் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவளுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் அல்லவா?

தாய்மார்களுக்கு எல்லாம் விளக்கிச் சொல்லித்தான் சேர்த்தார்கள். தையல்காரி பிரிசில்லாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் இரட்டையர் ஆல்வினுக்கும் மெல்வினுக்கும் ஒரே துணியில்தான் சட்டை தைக்கிறவள் அவள். "ரெண்டையும் ஒரே மாதிரி பாத்துக்கிடுவியளா?" என்று கேட்டாள். சேர்ந்தால் போதும் என்ற அவசரத்தில் பூங்கோதை இரண்டு பிள்ளைகளின் தலையிலும் கை வைத்து, "ஒரே மாதிரிதான் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டாள். பரிசோதனையைத்தான் அவள் நினைத்தாள். பிரிசில்லா நினைத்தது வேறு.

வாரந்தோறும் பாட்டில்கள் திரும்பி வந்தன. எந்த வீட்டுப் பாட்டில்களைப் பார்த்தாலும் சிவப்பிலும் நீலத்திலும் மீதி ஒரே மட்டத்தில் நின்றது. கையைக் காலை உதறுகிற பிள்ளை வாயில், பாலூட்டும் சின்னக் கிண்ணமான பாலாடையால் ஊற்றும்போது ஒருத்தியாவது ஒரு பக்கம் கொஞ்சம் சிந்தியிருக்க வேண்டாமா? பூங்கோதைக்கு அது தோன்றவில்லை. "என்ன ஒரு ஒழுங்கு!" என்று மெச்சிக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. மருத்துவமனைக் கூடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரே முகம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு பிள்ளையும் அழவில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பூங்கோதையோ கவலையோடு ஜோடி ஜோடியாகப் பார்த்தாள். சிவப்புப் பிள்ளையும் நீலப் பிள்ளையும் ஒன்றுபோலவே குணமாகியிருந்தார்கள். மருந்து குடித்தவனும் குடிக்காதவனும் சமம் என்றால் மருந்து எதற்கு? சென்னைக்காரர்கள் ஆராய்ச்சிக்கே மூடுவிழா நடத்திவிடுவார்கள்.

"ஏன் டாக்டரம்மா முகம் வாடிக் கெடக்கு?" என்றாள் பிரிசில்லா.

"மருந்து வேலை செய்யல பிரிசில்லா. குடிச்ச பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

"குடிக்காத பிள்ளையா? எங்க வீட்டுல அப்படி ஒரு பிள்ளையும் கெடையாதே!"

ஆறுதல் சொல்கிற வேகத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "ஒரே பாலாடையில பால எடுத்து, ரெண்டு பாட்டில் சொட்டையும் விட்டுக் கலக்கி, பாதிப் பாதியா குடுத்தேன். ஒரே வயித்துல கெடந்ததுக டாக்டரம்மா. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு வெறுஞ்சொட்டா? நீங்கதான தலையில கை வச்சு ஒரே மாதிரின்னு சொன்னிய!"

மற்ற தாய்மார்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதில் மும்முரமானார்கள்.

கணக்குப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த மாசிலாமணி எழுந்தார். "விதியை மீறிட்டாங்க மேடம். இந்த ஜோடியை நீக்கிடுங்க. மீதியை வச்சு முடிவு எழுதலாம்."

"நீக்குவானேன் சார்?" என்றாள் ஜெனிட்டா. "ரெண்டும் மருந்து குடிச்சிருக்கு, ரெண்டுக்கும் அழுக நின்னுட்டு. ரெண்டையும் மருந்துப் பக்கமே எழுதுவோம்."

"நான் ஒண்ணும் மறைக்கல. நடந்தத நடந்தபடியே எழுதுங்க" என்றாள் பிரிசில்லா.

பூங்கோதை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள். அவள் யார் பேச்சைக் கேட்க வேண்டும்? இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பிரிசில்லா சொன்னதுதான். ஜெனிட்டா சொன்னபடி எழுத முடியாது. அவள் அக்கா பிள்ளை மருந்தே இல்லாமல் அழுகையை நிறுத்தியதை அவளே மறந்துவிட்டாள். மாசிலாமணி சொன்னது நேர்மையாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பிரிசில்லாவை நீக்கினால், உண்மையைச் சொன்னவள் வெளியே போவாள், வாய் திறக்காதவர்கள் உள்ளே இருப்பார்கள். ஒரே மட்டத்தில் வந்த பாட்டில்களும், துடைத்துத் துடைத்துச் சிவந்த மூக்குகளும் பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தன. "யாரையும் திட்ட மாட்டேன். வேற யாரெல்லாம் கலந்து கொடுத்தீங்க?" என்று கேட்டாள். ஒரு கை எழுந்தது. இன்னொன்று எழுந்தது. பிறகு கூடம் முழுக்கக் கைகள், கூடம் முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்தது டாக்டர்தான். மருந்து தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை, இன்னும் சோதிக்கப்படவே இல்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். சென்னைக்காரர்கள் மூடுவிழாவை மறந்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார்கள். புது ஆராய்ச்சியின் முதல் விதி: ஒரு வீட்டுக்கு ஒரே நிற மூடி. அதைக் கேட்ட பிரிசில்லா, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா டாக்டரம்மா?" என்றாள்.