ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் பதில் ஆள்

ஒத்தப்பனங்குளத்துக்காரர்களை மோசமானவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு அதுதான்.

அந்த ஊர்க் கால்பந்துக் குழுவுக்குக் காலங்காலமாக ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் மேனேஜர். முழங்கால் வலி, அதைவிட இவர்களோடு மாரடித்த அலுப்பு. கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விடலாம், பேரனைக் கொஞ்சிக்கொண்டு கிடக்கலாம் என்று முடிவு செய்தார்.

"என் இடத்துக்கு என்னை மாதிரியே ஒரு ஆளாப் பாருங்கடே" என்றார்.

பார்த்தார்கள். செயலாளர் கொம்பையா தையல்கடையிலிருந்து டேப்பை வாங்கிவந்து அண்ணாச்சியின் உயரம், தொப்பை, கழுத்து எல்லாவற்றையும் அளந்தார். பிறகு ஊர் ஆண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். மாவு மில் தவசி கச்சிதமாகப் பொருந்தினான். தலைமுடிதான் இடித்தது.

"அண்ணாச்சிக்கு உச்சியில வழுக்கை. இவனுக்குக் காடுல்லா மண்டிக் கெடக்கு?" என்றான் கோல்கீப்பர் மாசானம் கவலையாக.

"அது ஒரு பெரிய விஷயமாடே? செரைச்சாப் போச்சு!" என்றார் கொம்பையா.

உச்சியை மட்டும் சிரைத்தார்கள். தவசி கண்ணாடியைப் பார்த்துக் கண் கலங்கினான். துக்கமெல்லாம் இல்லை. அதுவரை அவனை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை, பாவம்.

அண்ணாச்சி கிளம்பும் நாளிலேயே சீவலாங்காட்டோடு ஆட்டம். அவர் பையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு தவசியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நீ தோத்தா நான் பஸ் ஏற மாட்டேன்டே. மனசு கேக்காது, திரும்பி வந்துருவேன். நீ ஒண்ணும் புதுசாச் செய்ய வேண்டாம். யார் யாரை எங்கெங்க நிறுத்தணும்னு நான் காலையிலயே சொல்லி வெச்சிருக்கேன். நான் வெச்சதை மாத்தாத. அது போதும்."

"மாத்த மாட்டேன் அண்ணாச்சி" என்று தவசி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த மனுஷன் பேரன் முகம் பார்ப்பது தன்னால் கெட்டுவிடக் கூடாதே என்று அவனுக்குக் கவலை.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே முன்வரிசை வேலாண்டியின் டிராயர் பின்னால் டர்ரென்று கிழிந்தது. வேறொருவனை இறக்கச் சொன்னார்கள். தவசி அசையவில்லை. வேலாண்டி ஒரு கையைப் பின்னால் வைத்துப் பொத்திக்கொண்டே ஓடினான். அப்படியும் முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

இடைவேளை முடிந்ததும் சீவலாங்காட்டுப் பையன்கள் வழக்கம்போல் எதிர்ப்பக்கத்துக்கு வந்தார்கள். ஒத்தப்பனங்குளத்தார் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"பக்கம் மாறுங்கப்பா" என்றார் ரெஃப்ரி.

"முடியாது சார். அண்ணாச்சி நிறுத்தின இடம் இது" என்றான் தவசி பணிவாக.

ரெஃப்ரி மன்றாடிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று விசிலை ஊதிவிட்டார். ஒரே கோலில் இரண்டு கோல்கீப்பர்கள். மாசானம் கொஞ்சம் நகர்ந்து சீவலாங்காட்டுக் கோல்கீப்பர் பையனுக்கும் இடம் கொடுத்தான். எதிர்முனைக் கோல் ஈ காக்காய் இல்லாமல் கிடந்தது. அதில் ஒத்தப்பனங்குளத்தார் போட்டார்கள் பாருங்கள், ஒன்பது கோல்! வேலாண்டி மட்டுமே நாலு போட்டான், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு. சீவலாங்காட்டார் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒன்பதுக்குப் பூஜ்யம். சீவலாங்காடு ஜெயம்" என்று ரெஃப்ரி அறிவித்தார்.

"போட்டது பூரா நாம. ஜெயிச்சது எப்படிடே அவங்க?" என்றான் மாசானம்.

கொம்பையா யோசித்தார். "ரெஃப்ரி ரொம்ப நேரமா வெயில்ல நிக்காரு. பாவம், வாக்குவாதம் பண்ணாதீங்க."

தவசி அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, நாம ஒம்பது கோல் போட்டிருக்கோம்! அவங்க ஒரு பந்தைக்கூட ஒதைக்கல!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ என் பேரைக் காப்பாத்திட்டடே தவசி. இனி நான் நிம்மதியாப் போவேன்." பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. தவசி சந்தோஷத்தில் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் ரெஃப்ரி நல்ல மனுஷன். போகிற போக்கில் டீக்கடையில் நின்று, முதல் பாதியில் எதிரியுடையதாக இருக்கும் கோல் இரண்டாம் பாதியில் நம்முடையதாகிவிடும் என்று தம்ளரையும் பன்னையும் வைத்து விளக்கிவிட்டுப் போனார். உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"அப்ப, அடுத்த ஆட்டத்துல நாம பக்கம் மாறணுமா?" என்றான் மாசானம்.

"மாறக் கூடாது. அண்ணாச்சி வெச்ச ஆளுங்க நாம" என்றான் தவசி.

கூட்டமே தம்ளரையும் பன்னையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. பிறகு கொம்பையா மெல்லக் கேட்டார்: "கோல் கம்பத்தை வெச்சது யாரு? அண்ணாச்சியா?"

"இல்ல. பஞ்சாயத்து!"

எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடைவேளை விசில் அடித்ததுமே கடப்பாரைகள் வந்திறங்கின. இரண்டு முனையிலும் கம்பங்களைப் பிடுங்கி, வலையோடு தோளில் ஏற்றி, ஆளுக்கொரு பக்கமிருந்து நடுமைதானத்தை நோக்கி நடந்தார்கள். ரெஃப்ரி தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். தவசி அவரைக் கவனிக்கிற நிலையில் இல்லை. வியர்க்க விறுவிறுக்கக் கத்திக்கொண்டிருந்தான்:

"ஏலே, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு! நடுவுல ஒண்ணோட ஒண்ணு கலந்துராமப் பாத்துத் தூக்கிட்டுப் போங்கடே!"