பதினேழாம் நம்பர் பெட்டி

அனல்மின் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வாரம் பாக்கி இருந்தது. மனிதர் எதற்கும் லிஸ்ட் போடுகிறவர். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் நம்பர் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றியதும் அவர்தான், பிரிட்ஜ் கதவைக் கயிற்றால் இறுக்கியதும் அவர்தான். மனைவி வடிவு எடுத்துக் கொடுத்தால் போதும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பதினேழாம் நம்பர் பெட்டி வரைக்கும்.

அது மகள் ஆவுடையின் பெட்டி. பதினாலு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அது போன அன்றைக்கு அவருக்குப் பகல் ஷிஃப்ட். வடிவு அவருக்குப் போன் போட்டுப் பிள்ளையின் காதில் வைத்தாள். "இதோ வாரேம்மா" என்றார். மாற்று ஆள் வந்து, அவர் கிரேனை ஒப்படைத்து இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் இந்த வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்த மறுநாளே வேலைக்குப் போனார். அழவில்லை. அதன் பிறகு மகளின் அறைக்குள் கால் வைக்கவும் இல்லை. வடிவுதான் பாவம், இன்னும் தேறவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார்.

வடிவு அறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஹாலில் வைத்தாள். பள்ளிக்கூடச் சீருடை, சீப்பு, ஜாமெட்ரி பாக்ஸ், அட்டை போட்ட இரண்டு நோட்டு. அவர் பெட்டியில் அடுக்கி, கிரேன் வேலையில் பழகிய முடிச்சைப் போட்டுக் கட்டினார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

எழுந்து பார்த்தால் பெட்டி காலி. கயிறு வட்டமாகச் சுருட்டப்பட்டு ஓரத்தில் இருந்தது. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சீருடை ஆணியில் தொங்கியது. சீப்பு ஜன்னல் கட்டையில் இருந்தது. பிள்ளை இப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போனதுபோல மேஜையில் நோட்டு விரிந்து கிடந்தது.

வடிவு அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். தான் எதையும் தொடவில்லை என்றாள். அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் அவளையே எடுத்துவரச் சொல்லி மறுபடி கட்டினார். மறுநாள் மத்தியானமும் அதே கதை. மூன்றாம் நாளும் அதேதான். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். உச்சி வெயிலில், விசிறி ஓடிக்கொண்டிருந்த ஹாலில், அவருக்கு முதுகு சில்லிட்டது.

வடிவு பயப்படவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இந்த வீட்ல யாரோ போக மனசில்லாம இருக்காவ" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடியே.

அன்று சாயங்காலம் நிலையத்து கேட்டுக்கு எதிரே உள்ள சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். அதை நடத்துகிற முப்பிடாதியம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவருக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அவள்தான். எட்டு வருஷமாக, ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் எடுக்க வரும்போதெல்லாம் அவளிடம் ஏதாவது கேட்பார். சில நாள் பதில் சொல்வாள். சில நாள் டோக்கனை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாள்.

நடந்ததையெல்லாம் சொன்னார். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மகள் கிளம்ப மறுக்கிறாள், மகளை விட்டு வடிவும் வர மாட்டாள் என்றார்.

"ரெண்டு பேரையும் எப்படிம்மா கூட்டிட்டுப் போறது?"

"வர மாட்டேன்னு அவங்க சொன்னாவளா?"

"சொல்லலை. எனக்குத் தெரியும்."

முப்பிடாதியம்மாள் ஒரு சணல் கயிற்றை நீட்டி, அந்த முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னாள். பக்கத்தில் நின்ற சைக்கிளின் ஹேண்டில்பாரில் போட்டுக் காட்டினார். அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு பக்கம் தட்டி, ஒற்றை விரலால் அவிழ்த்து, பழக்கதோஷத்தில் கயிற்றை வட்டமாகச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

அவள் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை, உப்பும் மஞ்சளும் காலையிலேயே புது வீட்டுக்குப் போய்விட்டன. பதினேழாம் நம்பர் பெட்டியைக் கட்டிய கையோடு, அவரே கொண்டுபோய்க் குட்டியானை வண்டியில் ஏற்றினார். நோட்டில் எல்லா நம்பருக்கும் டிக் விழுந்தது. வடிவு குத்துவிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் கூப்பிடாமலே வெளியே வந்து வண்டியருகில் நின்றாள். அவருக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. மணி நாலு.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீடு மாறும்போது கடைசியாக வாசற்படியில் நின்று, அந்த வீட்டைச் சேர்ந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இருப்பவர், இறந்தவர் எல்லோரையும். யாரும் உள்ளே தங்கிவிடக் கூடாது அல்லவா?

அப்பாவைக் கூப்பிட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். காலி வீட்டுக்குள் குரல் போய்த் திரும்பி வந்தது.

"ஆவுடை, வாம்மா, போவோம்."

சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. பல்லிகூடச் சொல்லவில்லை.

"வடிவு, வா, போவோம்."

"இங்கதான் நிக்கேன்" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

அவர் கதவை இழுத்துப் பூட்டை எடுத்தார்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கு, அண்ணாச்சி" என்றாள், சொன்னபடி வந்து படியோரம் நின்றிருந்த முப்பிடாதியம்மாள்.

"யாரும்மா?"

"கூப்பிடுத ஆளு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெளியே நிற்கிறவனை உள்ளே பார்த்துக் கூப்பிடுவதாவது! ஆனாலும் சொன்னது குரு. கதவைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உலகநாதா, வா, போவோம்."

வீடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மகளின் அறைப் பக்கமிருந்து பதில் வந்தது. அவருடைய குரல்தான். இப்போதைய குரல் அல்ல, பதினோரு வருஷத்துக்கு முந்தைய குரல். எங்கிருந்தோ ஓடி வருகிறவனைப் போல அதற்கு மூச்சு வாங்கியது.

"இதோ வாரேம்மா."

வடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. பூட்டு அவர் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது.

"அம்மா, உள்ள இருக்கது யாரு?"

முப்பிடாதியம்மாள் பூட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டிக்குப் போய், பதினேழாம் நம்பர் பெட்டியைத் தூக்கி வந்து அவர் கையில் வைத்தாள்.

"இந்த முடிச்ச அவுக்கத் தெரிஞ்ச ஆளுதான். அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. உள்ள போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வாங்க, அண்ணாச்சி. நாங்க இங்கயே நிக்கோம்."